தண்ணீருக்கும் உண்டு வருகைப் பதிவேடு



நம்ம உய்யக்கொண்டான் வாய்க்கால் முதலாம் ராஜராஜன் காலத்தது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகரைக் கடந்து, நம் பக்கம் வாழவந்தான்கோட்டை ஏரிக்கு வருகிறது. வழியில் நகரத்துச் சாக்கடையும் சேர்ந்துகொள்கிறது என்ற புகார் நெடுநாளாக உண்டு. அந்தத் தண்ணீரின் நிலையை எப்படி அறிவது?

பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்தால் அந்த நேரத்துத் தண்ணீர் மட்டுமே தெரியும். இரவில் திறந்துவிட்ட கழிவு காலையில் போயிருக்கும். ஆனால் அடியில் மாதக்கணக்கில் வாழும் பூச்சிகளும் நத்தைகளும் எங்கே போகும்? யார் இருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்தாலே போதும்.

ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் 1908, 1909ஆம் ஆண்டுகளில், எந்த அளவு கழிவில் எந்த உயிர் வாழும் என்று பட்டியலிட்டார்கள். பிரிட்டனில் 1976இல் அமைந்த குழு, பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டது. சுத்தமான நீரையே நாடும் கல் ஈக்கு 10. சாக்கடையிலும் நெளியும் சிவப்புப் புழுவுக்கு 2. அமெரிக்காவில் ஜேம்ஸ் கார் 1981இல் மீன்களை வைத்து இதேபோல் ஓர் அளவுகோல் செய்தார்.

நமக்கு முக்கியமானது அடுத்தது. மதுரையைச் சேர்ந்த பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன், அமெரிக்க அறிஞர்களுடன் சேர்ந்து காவிரிப் படுகையிலேயே இந்த ஆய்வைச் செய்து 1996இல் வெளியிட்டார். அயல்நாட்டு முறை நம் ஆற்றுக்குப் பொருந்துமா என்பதே கேள்வி. நியாயமான கேள்விதான். கல் ஈக்களில் பெரும்பாலானவை குளிர்ந்த மலையோடையை விரும்புபவை. சமவெளியில் அவை இல்லை என்பதற்காகத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பிரிட்டன் முறையை நம் நாட்டுக்கேற்ப மாற்றித்தான் எடுத்துக்கொண்டது.

மீன்களிலும் இதே கவனம் வேண்டும். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். கெட்ட நீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆகவே "மீன் இருக்கே, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த மீன் என்று கேளுங்கள். மணல் தரையில் வாழும் அயிரை, அந்த மணலைச் சேறு மூடிவிட்டால் எங்கே போகும்?

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில், ஆழமில்லாத இடத்தில், பெரியவர்கள் துணையோடு ஒரு சிறு வலையும் வெள்ளைத் தட்டும் வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆண்டுதோறும் எழுதிவந்தால், வாய்க்காலின் ஆயிரம் ஆண்டு வரலாற்றில் நம் காலத்துப் பக்கம் காலியாக இருக்காது.