கிரகரி வாவியும் காற்றுக் குமிழியும்



கிரகரி வாவி பச்சை பூத்துக் கிடக்கும்போதெல்லாம் "மெஷின் வைத்துக் காற்றடித்தால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். காற்றால் தண்ணீர் சுத்தமாகுமா? அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

பிதுருதலாகலையிலிருந்து வரும் தலகல ஓயாவை மறித்து, சதுப்பு நிலத்தில் இந்த வாவியை அமைக்க 1873இல் அனுமதி கொடுத்தவர் தேசாதிபதி வில்லியம் கிரகரி. 1881இல் இதில் ட்ரவுட் மீன் விட்டார்கள். ஒட்சிசன் நிறைந்த குளிர்ந்த நீரில்தான் அந்த மீன் வாழும். நம் மலையில் ஒரு லீட்டர் நீர் தாங்கும் ஒட்சிசன் சுமார் 8 மில்லிகிராம்தான். பாறையில் மோதி நுரைத்து ஓடும் ஓடைக்கு அது தானாகக் கிடைத்துவிடும். தேங்கிய நீருக்கு அப்படியில்லை. அதில் நகரக் கான் தண்ணீரும் மரக்கறித் தோட்டத்துப் பசளையும் சேர்ந்தால் பாசி பெருகும். பாசி செத்ததும் அதை உண்ணும் கிருமிகள் இருக்கிற ஒட்சிசனையும் தீர்த்துவிடும்.

1913இல் வாவி நீரைச் சுரங்கம் வழியாக பிளக்பூல் மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரில் ஆர்டன், லொக்கெட் என்ற இருவர், போத்தலில் கழிவுநீரை ஊற்றி அதற்குள் காற்றைக் குமிழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். நீர் சுத்தமாக ஏறக்குறைய 5 வாரம் பிடித்தது. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் படிந்த சேற்றை வீசாமல் அதன்மேலேயே புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். இப்படியே திரும்பத் திரும்பச் செய்தபோது, 24 மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. 1914 ஏப்ரலில் இதை அறிவித்தார்கள். அழுக்கைத் தின்றவை சேற்றிலிருந்த கிருமிகள். குமிழி அவற்றுக்கு மூச்சு கொடுத்தது, அவ்வளவுதான்.

இவர்களை வழிநடத்திய கில்பர்ட் ஃபவுலர் 1916இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து, அந்தச் சேற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குப் பசளையாகத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஆராய்ந்தார்.

குமிழி ஏன் சிறிதாக இருக்க வேண்டும்? 1 சென்ரிமீற்றர் குமிழியை 1 மில்லிமீற்றர் குமிழிகளாக உடைத்தால் 1,000 குமிழிகள் வரும். காற்றும் நீரும் தொடும் பரப்பு 10 மடங்காகும். சின்னக் குமிழி மெதுவாக மேலேறுவதால் ஒட்சிசன் கரையவும் நேரம் கிடைக்கும். கண்ணுக்கே தெரியாத குமிழிகள் வரை இன்று வந்துவிட்டன.

ஆனால் எவ்வளவு சிறிய குமிழியாலும் பசளையிலுள்ள பொஸ்பரசை வாவியைவிட்டு வெளியேற்ற முடியாது. ஒரு பக்கம் கான் திறந்திருக்க, மறுபக்கம் காற்றடிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். குமிழிக்குரிய இடம் சுத்திகரிப்புத் தொட்டி. அழுக்கை ஓயாவில் கலக்குமுன் அங்கேயே பிடிக்க வேண்டும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நாமோ மலசலகூடக் குழாயையே கானுக்குத் திருப்பிவிடுகிறோம். வாவி நீர் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகிறது. கீழே இருப்பவர்களும் நம் உறவுகள்தான். மெஷின் கேட்குமுன் நம் வீட்டுக் குழாய், கடைக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்ப்போம். பிறகு, நகருக்கு ஒழுங்கான சுத்திகரிப்பு வேண்டுமென்று எல்லோரும் சேர்ந்தே கேட்போம், இன்ஷா அல்லாஹ்.