குஃபு பார்ப்பது யாருக்காக?



கலியாணப் பேச்சு வந்தால் நம் ஊர்களில் முதலில் கேட்கும் கேள்வி "நமக்குத் தோதான இடமா?" என்பதுதான். மார்க்கம் படித்தவர்கள் இதையே "குஃபு பார்க்க வேண்டும்" என்பார்கள். குஃபு என்றால் பொருத்தம். அந்தச் சொல் எதற்காக வந்தது, இன்று நாம் அதை எதற்குப் பயன்படுத்துகின்றோம் என்பதைக் கொஞ்சம் வரலாற்றோடு பார்ப்போம்.

மதீனாவில் தொடங்குவோம். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) குறைஷிக் குலத்துப் பெண். தலாக் ஆகி இத்தா முடிந்த பின் முஆவியா (ரழி), அபூ ஜஹ்ம் (ரழி) ஆகிய இருவரிடமிருந்து அவருக்குச் சம்பந்தம் வந்தது. இருவரும் குறைஷிகள். அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். முஆவியாவிடம் பொருள் இல்லை, அபூ ஜஹ்ம் பெண்களிடம் கடுமையானவர் என்று நபியவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். உஸாமா பின் ஸைதை முடிக்கும்படி கூறினார்கள். உஸாமாவின் தந்தை விடுதலை செய்யப்பட்ட அடிமை. ஃபாத்திமாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. பின்னர் முடித்தார். மற்றவர்கள் ஆசைப்படும் அளவுக்கு அந்த வாழ்க்கை அமைந்தது என்று அவரே அறிவிக்கின்றார். ஸஹீஹ் முஸ்லிமில் இது இருக்கின்றது.

பொருளைப் பார்க்கவே கூடாது என்று இங்கே சொல்லப்படவில்லை. வறுமையும் முரட்டுத்தனமும் பெண்ணின் வாழ்க்கையைப் பாதிக்கும் என்பதால் இரண்டும் கணக்கில் எடுக்கப்பட்டன. குலம் மட்டும் குறுக்கே நிற்கவில்லை.

விருப்பம் என்ற விஷயத்துக்கு பரீரா (ரழி) அவர்களின் சம்பவம் போதும். அவர் அடிமையாக இருந்தபோது முகீஸ் என்ற அடிமையின் மனைவி. விடுதலை கிடைத்ததும் அந்தத் திருமண பந்தத்தில் நீடிப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு வந்தது. அவர் பிரிந்துவிட்டார். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு மதீனா வீதிகளில் அவர் பின்னால் நடந்தார். நபியவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் தனக்கு அவர் தேவையில்லை என்று பரீரா சொன்னார். அத்தோடு விஷயம் முடிந்தது. நேற்று வரை அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பிருந்தது.

அடுத்த தலைமுறைகளில் சட்டம் வகுக்கப்பட்டது. அரபிகளும் அரபியல்லாத புதிய முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த ஊர் ஈராக்கின் கூஃபா. அங்கு வளர்ந்த ஹனஃபி மத்ஹப், குலம், தொழில், மஹரும் செலவும் கொடுக்கும் வசதி என்று குஃபுவை விரித்துப் பேசியது. மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) மார்க்கத்தையே பிரதானமாக வைத்தார்கள். இலங்கையில் நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் குலமும் தொழிலும் பார்க்கப்படும். செல்வம் குஃபுவில் சேராது என்பதே அதில் வலுவான கருத்து.

இத்தனை கருத்து வேறுபாட்டுக்கு நடுவிலும் ஒரு விஷயம் பொதுவானது. ஆண் பெண்ணுக்குத் தோதானவனா என்பதே இமாம்கள் கேட்ட கேள்வி. பெண் ஆணுக்குத் தோதானவளா என்று அவர்கள் சட்டம் எழுதவில்லை. குஃபு பெண்ணுக்கும் அவளுடைய வலிக்கும் உள்ள உரிமை. அவர்கள் விரும்பினால் அதை விட்டுக்கொடுக்கலாம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். கிழக்கில் மகளுக்கு வீடு கொடுப்பது பழைய வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுடையது என்பதால் அந்த வழக்கத்தில் அவளுக்கு ஒரு பலமும் இருந்தது. ஆனால் படித்த மாப்பிள்ளை, அரசாங்க உத்தியோக மாப்பிள்ளை, வெளிநாட்டு மாப்பிள்ளை என்று தரம் பிரிந்தபோது, வீட்டோடு காசும் வாகனமும் பேசப்பட்டன. 1970களின் பிற்பகுதியில் வளைகுடாவின் கதவு திறந்தது. மகளுக்கு வீடு கட்ட வேண்டும் என்று எத்தனையோ உம்மாமார் அங்கே வீட்டு வேலைக்குப் போனார்கள். இன்றும் போகின்றார்கள்.

மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் காசைத்தான் கைக்கூலி என்கின்றோம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இதற்கு வரைவிலக்கணம் தந்திருக்கின்றது. பெண்ணின் பாவனைக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும், அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்படும் பணமும் அசையும் சொத்துமே கைக்கூலி. அதாவது காசு மாப்பிள்ளையின் கையில் இருந்தாலும் அது மனைவிக்காகக் கொடுக்கப்பட்டது. அதைத் திருப்பிக் கேட்டு அவள் காதியிடம் போகலாம். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்படித்தான் தலைகீழாகியிருக்கின்றது. பெண்ணைக் காப்பாற்ற வந்த குஃபு, மாப்பிள்ளையின் விலையைக் கூட்டும் சொல்லாகிவிட்டது. "டொக்டர் மாப்பிள்ளைக்கு இவ்வளவு, இஞ்சினியருக்கு இவ்வளவு" என்று பேசிவிட்டு, "குஃபு பார்த்தோம்" என்கின்றோம். சூரா அன்னிஸாவின் நான்காம் வசனம் ஆண் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிடும் மஹர், பல கலியாணங்களில் பெயருக்கு ஒரு சிறு தொகையாக நிற்கின்றது.

நம் வகுப்பறைகளில் முன்வரிசையில் இருந்து உயர்தரம் படிக்கும் பெண் பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டே வளர்கின்றார்கள். தங்களுடைய படிப்பு வாப்பாவின் சுமையைக் குறைக்குமா, கூட்டுமா என்று அவர்கள் யோசிக்கின்றார்கள். படித்த பெண்ணுக்கு அதைவிடப் படித்த மாப்பிள்ளை வேண்டும், அவருக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பார்க்கும் உலகம். ஆண் பிள்ளைகளும் கேட்கின்றார்கள். தங்களுக்கு ஒரு விலை இருப்பதாக நம்பியே அவர்கள் வளர்கின்றார்கள்.

பெற்றோரிடம் நாம் வேண்டுவது மூன்று. சம்பந்தம் பேசும்போது பையனின் குணத்தை விசாரியுங்கள். அபூ ஜஹ்மைப் பற்றிச் சொன்னது போல, தெரிந்தவர்களும் உண்மையைச் சொல்லுங்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் பேசவும் மார்க்கம் அனுமதித்த வரம்பில் இடம் கொடுங்கள். மகள் "வேண்டாம்" என்றால் பரீராவை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கூலி கேட்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், சாட்சிகளோடு எழுத்தில் வையுங்கள்; அது உங்கள் மகளுக்குரியது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் வாழ்க்கையில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.