அமெரிக்க நீதிமன்றங்களும் அவற்றின் அதிகார வரம்பும்

நீதிமன்றம் என்றதும் நம் உள்ளத்தில் எழும் கேள்வி, "நியாயம் எவர் பக்கம்?" என்பதாகும். ஆனால் நீதிபதி முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி அது அன்று. "இவ்வழக்கைக் கேட்க இம்மன்றத்திற்கு அதிகாரம் உண்டா?" என்பதே முதற் கேள்வி. இவ்வதிகாரத்தின் எல்லையையே அதிகார வரம்பு என்கிறோம். பல ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் நான். அமெரிக்க வரலாற்றைக் கூறும்போதெல்லாம், போர்க்களங்களைக் காட்டிலும் இவ்வரம்பின் கதையை விளக்குவதிலேயே எனக்கு விருப்பம் மிகுதி. ஒரு குடியரசு தன் அதிகாரத்தை எவ்வாறு பங்கிட்டுக் கொள்கிறது என்பது அதில் தெளிவாகப் புலப்படுகிறது.

1776-இல் பிரிட்டிஷ் ஆட்சியினின்றும் விடுதலை பெற்றதாக அறிவித்த பதின்மூன்று குடியேற்றங்களும் தத்தமக்கெனச் சட்டங்களும் நீதிமன்றங்களும் உடையனவாக இருந்தன. அவை முதலில் அமைத்துக்கொண்ட கூட்டு ஏற்பாட்டில் நாடு முழுமைக்கும் உரிய தனியொரு நீதித்துறை இடம் பெறவில்லை. 1787-இல் பிலடெல்பியா நகரில் கூடிய பிரதிநிதிகள் இக்குறையைப் போக்க முற்பட்டனர். ஆனால் மத்திய நீதிமன்றங்கள் பல தோன்றினால், அவை மாநில மன்றங்களை விழுங்கிவிடுமோ என்னும் அச்சம் சிலருக்கு இருந்தது. எனவே ஓர் இணக்கம் காணப்பட்டது. உச்ச நீதிமன்றம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்குக் கீழ்ப்பட்ட மன்றங்களை அமைப்பது காங்கிரஸ் என்னும் சட்டமன்றத்தின் முடிவுக்கு விடப்பட்டது. 1789 செப்டம்பர் 24-ஆம் நாள் அதற்கான சட்டம் பிறந்தது. ஆறு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றமும், பதின்மூன்று மாவட்ட நீதிமன்றங்களும், மூன்று வட்டார மன்றங்களும் அமைந்தன.

நம் நாட்டில் மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என ஒரே ஏணி உண்டு. மத்தியச் சட்டமாயினும் மாநிலச் சட்டமாயினும் பெரும்பாலும் அவ்வேணியிலேயே வழக்குகள் ஏறிச் செல்கின்றன. அமெரிக்காவிலோ இரண்டு ஏணிகள் அருகருகே நிற்கின்றன.

முதலாவது மாநில ஏணி. திருட்டு, கொலை, மணமுறிவு, சொத்துரிமை, ஒப்பந்தம், சாலை விபத்து முதலிய வழக்குகளுள் மிகப் பெரும்பாலானவை இங்கேதான் நடைபெறுகின்றன. மன்றங்களின் பெயரைக் கண்டு நாம் மயங்கிவிடலாகாது. நியூயார்க் மாநிலத்தில் 'சுப்ரீம் கோர்ட்டு' என்பது முதற்கண் விசாரணை நடத்தும் மன்றம். அம்மாநிலத்தின் தலைமை மன்றத்திற்கோ 'அப்பீல் கோர்ட்டு' என்று பெயர்!

இரண்டாவது மத்திய ஏணி. அரசியலமைப்பு, காங்கிரஸ் இயற்றிய சட்டங்கள், வெளிநாட்டு உடன்படிக்கைகள், கடல் வாணிகம் ஆகியவற்றைச் சார்ந்த வழக்குகள் இதற்குரியன. வெவ்வேறு மாநிலக் குடிகளுக்கிடையே எழும் வழக்கையும் இங்கே கொண்டுவரலாம். ஒரு மாநில மன்றம் தன் குடிமகனுக்கே பரிந்து, அயலானுக்கு அநீதி இழைத்துவிடலாகாது என்பதே இதன் கருத்து. அவ்வாறு வருவதற்கு வழக்கின் மதிப்பு 1789-இல் 500 டாலருக்கு மேற்பட்டிருக்க வேண்டும். இன்று 75,000 டாலருக்கு மேற்பட்டிருக்க வேண்டும். இப்பொழுது இவ்வேணியில் 94 மாவட்டங்களும், 13 மேல்முறையீட்டு மன்றங்களும் உள்ளன. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கை 1869 முதல் ஒன்பது.

இவ்வரம்பின் ஆற்றலை விளக்கும் வழக்குகளுள் தலையாயது மார்பரி என்பவருடையது. 1801-இல் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் பதவி விட்டிறங்கும் தறுவாயில், வில்லியம் மார்பரியைத் தலைநகர்ப் பகுதியில் ஒரு சிறு நீதிபதிப் பதவிக்கு நியமித்தார். நியமனப் பத்திரத்தில் கையொப்பம் இட்டாயிற்று, முத்திரையும் பொறித்தாயிற்று, ஆனால் அது மார்பரியின் கைக்குச் சென்று சேரவில்லை. புதிய தலைவர் ஜெபர்சனின் அரசு அதனைக் கொடுக்க மறுத்தது. மார்பரி நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

1803 பிப்ரவரி 24-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புரைத்தார். மார்பரிக்குப் பதவியின்மீது உரிமை உண்டு. உரிமை பறிபோனால் பரிகாரமும் உண்டு. ஆனால் அதனை அளிக்கும் மன்றம் இது அன்று என்றார். தூதர்கள் தொடர்பான வழக்குகளையும், மாநிலங்கள் ஒரு தரப்பாக உள்ள வழக்குகளையும் மட்டுமே உச்ச நீதிமன்றம் முதற்கண் விசாரிக்கலாம் என்பது அரசியலமைப்பின் விதி. 1789-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு அவ்வரம்பை விரிக்க முயன்றது. ஆகவே அப்பிரிவு செல்லாது என்று மன்றம் கூறிவிட்டது. சிறியதோர் அதிகாரத்தை வேண்டாமென்று துறந்த மன்றம், அரசியலமைப்புக்கு மாறான சட்டத்தைத் தள்ளும் பேரதிகாரத்தை அத்தீர்ப்பிலேயே நிலைநாட்டிக்கொண்டது. மார்பரிக்குக் கடைசி வரை அப்பதவி கிட்டவில்லை.

இது பெரியோர் நடத்திய பதவி வழக்கு. ஏழை ஒருவனின் வழக்கையும் கேளுங்கள். 1961-இல் புளோரிடா மாநிலத்தில், பில்லியர்ட்ஸ் ஆடும் கூடம் ஒன்றில் புகுந்து திருட முயன்றதாகக் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. வக்கீல் வைத்துக்கொள்ளப் பொருளில்லை. தமக்கொரு வக்கீலை அமர்த்தித் தருமாறு மன்றத்தை வேண்டினார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே அவ்வாறு செய்ய இயலும் என்று மாநில மன்றம் மறுத்தது. தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

மாநிலத்தின் தலைமை மன்றமும் கைவிட்டபின், சிறையிலிருந்தே பென்சிலால் தம் கைப்பட ஒரு மனு எழுதி உச்ச நீதிமன்றத்திற்கு அனுப்பினார். திருட்டு வழக்கோ மாநில ஏணிக்கு உரியது. அம்மனு மறு ஏணியின் உச்சிக்கு எவ்வாறு சென்றது? "நான் திருடவில்லை" என்பதை மட்டும் அவர் கூறியிருந்தால் அது அங்கே ஏற்கப்பட்டிராது. வக்கீலின் துணையின்றித் தண்டித்தது அரசியலமைப்பு தமக்கு அளித்த உரிமையைப் பறிப்பதாகும் என்று அவர் எழுதினார். அக்கேள்வி உச்ச நீதிமன்றத்தின் வரம்பிற்குள் வருவது. 1963 மார்ச் 18-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தனர்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கிடியன் திருடினாரா இல்லையா என்பதைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு சொல்லும் கூறவில்லை. அது அதன் வேலையன்று. வழக்கு மீண்டும் புளோரிடாவுக்கே சென்றது. இம்முறை வக்கீல் ஒருவர் அவருக்காக வாதாடினார். 1963 ஆகஸ்டில் ஜூரியினர் அவர் குற்றவாளி அல்லர் என்று விடுவித்தனர்.

வரம்பு என்பது ஏழையைத் தடுக்கும் வேலி என்று சிலர் எண்ணுகின்றனர். வாயிலை அறியாதவனுக்கு அது வேலியாகவே முடியும். மார்பரி அதில் மோதி நின்றார். தமக்குரிய வாயிலைக் கண்டறிந்த கிடியனுக்கோ அது விடுதலைக்கு வழியாயிற்று. ஆகவே உரிமை உண்டென்று அறிவதோடு நின்றுவிடாமல், அதனை எந்த மன்றத்தில், எவ்வாறு கேட்பது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். குடிமைக் கல்வியின் பயன் அதுவே.