ஒரு தெரு, மூன்று வாசல்கள்



தோட்டத்தில் வளர்ந்த நமக்குப் பல வகையான வழிபாடுகளும் பழக்கமானவைதாம். லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். கடைக்காரச் சீனர் வீட்டு வாசலில் ஊதுவத்தி. அடுத்த கம்பத்திலிருந்து காற்றில் வரும் தொழுகை அழைப்பு. ஆனால், பார்த்துப் பழகுவது வேறு, மதிப்பது வேறு. ஏழாம் மாதத்தில் சீனர்கள் காகிதம் கொளுத்துவதைக் கண்டு நம் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. சில சமயம் நாமும் சேர்ந்து சிரித்துவிடுகிறோம். நம்முடைய காவடியையும் தீமிதியையும் பிறர் கேலி செய்தால் மட்டும் நம் மனம் புண்படுகிறது. இதில் மலாக்கா நகரம் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் இன்று பார்ப்போம்.

மலாய் சுல்தான்கள் ஆண்ட மலாக்கா பெரிய வாணிபத் துறைமுகம். குஜராத்தியர், தமிழர், ஜாவானியர், சீனர் என்று பலரும் அங்கே கூடினர். வணிகர்களைக் கவனிக்க நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தார்கள். அங்கே 84 மொழிகள் பேசப்பட்டதாகத் தோமே பிரெஸ் என்ற போர்த்துக்கீசியர் எழுதிவைத்திருக்கிறார். சுல்தான் இஸ்லாமியர், வணிகர்களோ பல சமயத்தவர். அந்த வேற்றுமை வாணிபத்துக்குத் தடையாக இருக்கவில்லை.

1511ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தனர். கோட்டை கட்டக் கல் வேண்டியிருந்தது. பள்ளிவாசலையும் அரசர்களின் கல்லறைகளையும் இடித்து, அந்தக் கற்களை எடுத்துக்கொண்டார்கள். விளைவு என்ன? இஸ்லாமிய வணிகர்களில் பலர் ஆச்சே முதலிய துறைமுகங்களை நாடிப் போனார்கள். கோட்டை உயர்ந்தது, வாணிபம் சரிந்தது.

1641இல் டச்சுக்காரர் வந்தனர். வந்தவர்களும் தோற்றவர்களும் ஏசுநாதரையே வணங்கியவர்கள். ஆயினும் டச்சுக்காரர் புராட்டஸ்டண்டுகள், போர்த்துக்கீசியர் கத்தோலிக்கர். குன்றின்மேல் இருந்த கத்தோலிக்கத் தேவாலயத்தை டச்சுக்காரர் தமதாக்கிக்கொண்டார்கள். கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடவும் தடை விதித்தார்கள். கும்பிடும் கடவுள் ஒருவரே. கும்பிடும் முறை வேறு என்பதற்காக இத்தனை துன்பம்! நாளடைவில் அந்தக் கெடுபிடி தளர்ந்தது. 1710இல் புனித பேதுரு தேவாலயம் எழுந்தது. கத்தோலிக்கர் இன்றும் அங்கே வழிபடுகிறார்கள்.

இனி, நகரின் பழைய தெரு ஒன்றுக்குப் போவோம். பொற்கொல்லர் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் இமாஸ் அது. இந்திய இஸ்லாமியர் 1748இல் அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். கம்போங் கிளிங் பள்ளிவாசல் என்பது அதன் பெயர். அதன் கூரை மூன்று அடுக்காகக் கூம்பி நிற்கும். அதன் கோபுரத்தைப் பார்த்தால் சீனக் கோயில் கோபுரம் நினைவுக்கு வரும். சற்றுத் தள்ளிப் பொய்யாத விநாயகர் கோயில். 1781இல், மலாக்காச் செட்டிகளின் தலைவருக்கு டச்சு அரசு அளித்த நிலத்தில் எழுந்தது அது. முன்பு தம் சமயத்தவரையே தடுத்தவர்கள், இப்போது பிள்ளையாருக்கு இடம் தந்தார்கள்! அதே வழியில் மேலே நடந்தால், 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் என்னும் சீனக் கோயில். ஒரு வாசலில் மணி ஒலிக்கும். ஒரு வாசலில் தொழுகை நடக்கும். ஒரு வாசலில் ஊதுவத்தி புகையும். ஒன்றால் மற்றொன்று குறைந்துபோகவில்லை. 2008இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவிக்கப்பட்டன.

அந்தச் செட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டிக்கடைச் செட்டியார்களோடு இவர்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் இங்குள்ள பெண்களை மணந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்களே இவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும். போகி நாளில் வாழையிலை விரித்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். "தமிழே பேசத் தெரியாதவர்கள் என்ன தமிழர்கள்?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. ஆட்சிகள் மாறியும் பல நூறு ஆண்டுகளாகத் தெய்வத்தைக் கைவிடாதவர்களைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்வியா அது?

நேயர்களே! செட்டி தம் முன்னோருக்கு இலை போடுகிறார். நாம் இறந்தவர் படத்துக்கு முன் படையல் வைக்கிறோம். சீனர் காகிதம் கொளுத்துவதும் போய்ச் சேர்ந்தவர்களுக்காகத்தான். முறைதான் வேறு; உள்ளே இருக்கும் அன்பு ஒன்றே.

பிறர் முறையை மதிப்பதால் நம் முறையை விட்டுவிட வேண்டியதில்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அங்கே அடுத்த வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்று. அவர் வீட்டுப் புகை நம் வீட்டுக்கு வரும். நம் வீட்டு மணியோசை அவர் காதில் விழும். அடுத்த ஏழாம் மாதத்தில் நம் பிள்ளை சிரித்தால், பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுவோம்: "அவர் தம்முடைய தாத்தாவை நினைத்துக் கும்பிடுகிறார், கண்ணு. நாமும் அப்படித்தானே செய்கிறோம்?"