எல்டன் ரிங்: ஆயுதத்திற்கு முன் உடலை வளர்க்க வேண்டும் - புதியவர்கள் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: கிழக்குக் கோட்டைப் பகுதியில் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் 1956ஆம் ஆண்டு நிறுவிய சி.வி.என். களரி, கேரளத்தின் புகழ்பெற்ற களரிப்பயட்டுப் பயிற்சிக் கூடங்களுள் ஒன்றாகும். களரி மரபில் எவருக்கும் முதல் நாளே வாள் தரப்படுவதில்லை. உடலைப் பக்குவப்படுத்தும் மெய்த்தாரி முதலில் வரும். அதன் பின்னரே மர ஆயுதங்களுக்கான கோல்தாரியும், வாள், கேடயம், சுருள்வாள் ஆகியவற்றுக்கான அங்கத்தாரியும் கற்பிக்கப்படும்.

கடினமான விளையாட்டு எனப் பெயர் பெற்ற 'எல்டன் ரிங்' விளையாட்டில் இறங்கும் புதியவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தும். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டு 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. அதே ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகவும் தேர்வானது. எளிது, கடினம் எனத் தேர்ந்தெடுக்கும் வசதி இதில் இல்லை. எனவே, கதாபாத்திரத்தை எவ்வாறு வளர்க்கிறோம் என்பது மிகவும் முக்கியமாகிறது.

பத்துத் தொடக்க வகைகள்

விளையாடுபவர் முதலில் பத்து வகைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விகர், மைண்ட், எண்டூரன்ஸ், ஸ்ட்ரென்த், டெக்ஸ்டரிட்டி, இன்டெலிஜென்ஸ், ஃபெய்த், ஆர்கேன் ஆகிய எட்டுப் பண்புகளின் தொடக்க அளவு வகைக்கு வகை மாறுபடும். வாளும் கேடயமும் ஏந்திய 'வேகபாண்ட்' வகைக்கு உயிர்வலிமையைக் குறிக்கும் விகர் 15 ஆகும். மந்திரம் பயிலும் 'அஸ்ட்ராலஜர்' வகைக்கு அது 9 மட்டுமே. 'ரெட்ச்' வகைக்கு எல்லாப் பண்புகளும் 10; கையில் ஒரு தடி தவிர வேறில்லை. களரியில் வெறுங்கைப் போர் கடைசிக் கட்டமாக வருவதைப் போல, இவ்வகையும் அனுபவம் மிக்கவர்களுக்கே ஏற்றது.

சண்டையின் அடிப்படை

தாக்குவது, உருண்டு விலகுவது, கேடயத்தால் அடியைத் தாங்குவது ஆகிய மூன்றும் 'ஸ்டாமினா' என்ற ஒரே இருப்பிலிருந்தே செலவாகின்றன. அடுத்தடுத்துத் தாக்கி அதைத் தீர்த்துவிட்டால், எதிரியின் அடியிலிருந்து தப்ப வழியிருக்காது.

உருளும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் எந்த அடியும் உடலில் படாது. ஆனால் சுமக்கும் எடை, தாங்கும் திறனில் 70 சதவீதத்தைக் கடந்தால் உருள்வது மந்தமாகிவிடும். ஸ்டாமினாவையும் எடை தாங்கும் திறனையும் உயர்த்துவது எண்டூரன்ஸ்.

ஆயுதத்திற்குத் தேவையான பண்பு இல்லாவிட்டால் அதன் தாக்கம் பெருமளவு குறையும். இரு கைகளாலும் பிடித்தால் ஸ்ட்ரென்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். 24 தேவைப்படும் ஆயுதத்தை 16 உள்ளவரும் அவ்வாறு பயன்படுத்தலாம்.

எங்கே தவறுகிறோம்?

எதிரிகளை வீழ்த்திப் பெறும் 'ரூன்'களைச் செலவிட்டே பண்புகளை உயர்த்த முடியும். இறந்தால் கையிருப்பு முழுவதும் அங்கேயே விழும். அதை மீட்பதற்குள் மீண்டும் இறந்தால் நிரந்தரமாக இழக்க நேரிடும். பலர் ரூன்களைத் தாக்கும் வலிமைக்கே செலவிட்டு, ஓரிரு அடிகளில் வீழ்கின்றனர்.

விகர் 25 எனில் உயிர்ப்புள்ளிகள் 800. 40 எனில் 1,450. 60 எனில் 1,900. அதற்கு மேல் உச்சமான 99 வரை உயர்த்தினாலும் 2,100 மட்டுமே. எனவே, ஆயுதத்தின் குறைந்தபட்சத் தேவையை நிறைவு செய்தவுடன், விகரை 40 வரை கொண்டு செல்வதே நல்ல பயனைத் தரும்.

தவறைத் திருத்த ஒரு வாய்ப்பும் உண்டு. ராயா லுகாரியா கல்விக்கூடத்தில் ரெனாலாவை வென்ற பிறகு, 'லார்வல் டியர்' என்ற பொருளைக் கொடுத்துப் பண்புகளை மாற்றியமைக்கலாம். ஆயினும், தொடக்க வகையின் அளவுக்குக் கீழே எந்தப் பண்பையும் குறைக்க இயலாது.