ஓய்வு பெறாத விண்கலங்கள்

விஞ்ஞானப் புனைகதைகளிலே கலங்கள் மூப்படைவதுண்டா, நேயர்களே? 1982இல் வெளியான 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் 'ரிலையன்ட்' என்றொரு கலம் தோன்றியது. 1987இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் கதைக்காலமோ அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிந்தியது. ஆயினும் 1989இல் அதே மாதிரியுரு 'லான்ட்ரீ' என்ற புதுப்பெயருடன் மீண்டும் பறந்தது! காரணம் சிக்கனமே. எனினும் அச்சிக்கனம் கதையுலகிற்கு ஒரு வரலாற்றாழத்தைத் தந்துவிட்டது என்பேன். 1997இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' காட்டிய பெரும்போரில் இம்முதிய வகைக் கலங்களும் அணிவகுத்தன, அழிந்தன.

2003இல் புத்துயிர் பெற்ற 'பட்டில்ஸ்டார் கலக்டிகா' முதுமையையே கருவாக்கிற்று. நூதனசாலையாகவிருந்த அக்கலத்தின் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. ஆதலால், புதிய கலங்களைச் செயலிழக்கச் செய்த பகைவரின் ஊடுருவல் அதனைத் தீண்டவில்லை.