படத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி

2000 பெப்ரவரியில் நடந்த கிராமி விருது விழாவுக்கு ஜெனிபர் லோபஸ் ஒரு பச்சை வெர்சாச்சி உடையில் வந்தார். அதைப் பார்க்கவேணும் எண்டு கனபேர் கூகுளில் தேடினார்கள். கூகுளிடம் அப்போது இருந்தது இணைப்புகளின் பட்டியல் மட்டும்தான். அதுவரை தாங்கள் கண்ட தேடல்களில் அதுவே மிகப் பெரியது என்றும், கூகுள் படத்தேடல் பிறந்தது அப்படித்தான் என்றும் எரிக் ஷ்மிட் 2015இல் எழுதினார். படத்தேடல் 2001 யூலையில் வந்தது.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் கேட்பது வேறு கேள்வி. தேடுபொறிக்குக் கண் இல்லையே, பிறகு எப்படிப் படத்தைக் கண்டுபிடித்தது?

சொற்களை வைத்துத்தான். கோப்பின் பெயர், படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு, சுற்றியுள்ள பந்தி, 'ஆல்ட்' எனப்படும் மாற்றுரை. இதில் மாற்றுரை கூகுளை விட மூத்தது. 1993இல் மார்க் ஆண்ட்ரீசன் இணையப் பக்கத்துக்குள் படம் வைக்கும் குறியீட்டை முன்மொழிந்தார். எல்லாராலும் அந்தப் படங்களைப் பார்க்க முடியவில்லை. சிலரிடம் எழுத்தை மட்டும் காட்டும் உலாவி இருந்தது. சிலர் இணைப்பின் வேகம் காணாமல் படங்களை நிறுத்தி வைத்தார்கள். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் எழுத்தைத்தான் வாசித்துக் காட்டும். 1995இல் வந்த எச்.டி.எம்.எல் 2.0 தரத்தில் மாற்றுரைக்கு இடம் இருந்தது. 1997 டிசம்பரில் வந்த 4.0 அதைக் கட்டாயமாக்கியது. 1999இன் இணைய அணுகல் வழிகாட்டியில் முதலாவது விதியே இதுதான்.

பிறகு வியாபாரம் புகுந்தது. தேடலில் முன்னுக்கு வர, மாற்றுரைக்குள் 'மலிவான போன், நல்ல போன், போன் விலை' எண்டு அடைந்தார்கள். திரைவாசிப்பானில் கேட்பவர் அந்தக் குப்பையை முழுசாகக் கேட்கவேண்டி வந்தது. இப்படிச் சொற்களை அடைவதை இப்போது கூகுளே வேண்டாம் என்கிறது.

2006இல் கூகுள் ஒரு விளையாட்டையும் நடத்தியது. முன்பின் அறியாத இரண்டு பேருக்கு ஒரே படம் காட்டப்படும். இருவரும் ஒரே சொல்லை எழுதினால் புள்ளி. அந்தச் சொற்கள் தேடலுக்குப் போயின. 2011இல் அது நிறுத்தப்பட்டது.

இண்டைக்குக் கணினி படத்தைப் பார்த்து 'கட்டடம், ஆட்கள்' எண்டு ஓரளவு சொல்லும். ஆனால் எந்த ஊர், எந்த வருசம், ஏன் அந்தக் கூட்டம் என்பதை நாங்கள் எழுதினால்தான் உண்டு. எங்கட படங்களில் எத்தனை 'ஐ.எம்.ஜி 2041' என்ற பெயரோடேயே இணையத்தில் கிடக்குது! தமிழில் ஒரு வரியும் இல்லாத படத்தைத் தமிழில் தேடுகிறவர் எப்படிக் கண்டெடுப்பார்?

இனி படம் ஏற்றும்போது ஒரு நிமிசம் செலவழிப்போம். 'யாழ்ப்பாணம், கடல், அழகு' எண்டு அடுக்கவேண்டாம். 'பருத்தித்துறை வெளிச்சவீட்டுக்கு முன்னால் வலை திருத்தும் இருவர், 2019' எண்டு எழுதுங்கோ. எழுதினதைக் கண்ணை மூடியிருக்கும் நண்பருக்கு வாசித்துக் காட்டுங்கோ. அவருக்குப் படம் விளங்கினால், தேடுபொறிக்கும் விளங்கும்.